திருத்தாமல் விட்ட இடம்

பாப்பம்மா எழுதும் கதைகளில் ராஜலிங்கம் பிழை பார்ப்பான். எழுத்துப் பிழை அல்ல. அது அவளுக்கு வராது. அவள் எழுதியது இந்த உலகத்தில் நடக்குமா என்று பார்ப்பான்.

இருவரும் ஆசிரியர்கள். அவன் கண்டியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தான். அவள் கெலிஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சிறு வகுப்புகளை எடுத்தாள். பிள்ளைகள் இல்லை. கெலிஓயாக் கடைவீதியில், ஹாஷிமின் துணிக்கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார்கள்.

கொழும்பிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் அவளுடைய கதைகள் அவ்வப்போது வந்தன. எல்லாம் இன்னும் வராத காலத்துக் கதைகள். பறக்கும் லொறி, பேசும் இயந்திரம், வேறு கிரகத்தில் தேயிலை. பத்திரிகைக்காரர்கள் அவள் பெயரைச் சுருக்கி பா. ராஜலிங்கம் என்று போட்டார்கள். ஆசிரியர் அறையில் அவனைப் பாராட்டுவார்கள். "நான் இல்ல, என் வீட்டுக்காரி" என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். அடுத்த கதைக்கும் அவனைத்தான் பாராட்டுவார்கள்.

அவள் தாளின் இடப்பக்கத்தில் அகலமாக இடம் விட்டு எழுதுவாள். அந்த இடம் அவனுடையது. சிவப்புப் பேனாவால் மூன்றில் ஒன்றை எழுதுவான். நடக்கும். நடக்கலாம். நடக்காது. நடக்காது என்றால் காரணமும் எழுத வேண்டும். அது அவள் போட்ட நிபந்தனை.

கல்யாணமான புதிதில் ஓர் அட்டையைப் பற்றி எழுதினாள். தோட்டத்து மருந்து பட்டு எருமை அளவுக்கு வளர்ந்த அட்டை.

"இது வளராது பாப்பா," என்றான். "அட்டை தோலாலதான் மூச்சு விடுது. அந்த அளவுக்குப் பெருத்தா, தோல் பெருக்கிறதவிட உள்ள இருக்கிற சதை எவ்வளவோ மடங்கு பெருக்கும். அவ்வளவு சதைக்கும் அந்தத் தோல் காத்து எடுக்க ஏலாது. மூச்சு முட்டிச் செத்துரும்."

"சாகட்டும். நாலு பேர் ரத்தத்தக் குடிச்சிட்டுச் சாகட்டுமே."

"அந்த அளவுக்கு வரவே வராதுங்கிறேன்."

"மழைக்காலத்துல எங்க பள்ளிக்கூடத்துப் பாதையில ஒரு நாள் ஏறிப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க, வளருமா வளராதான்னு."

அந்தக் கதையைக் கிழித்துப் போட்டாள். எல்லாக் கதையும் அப்படிப் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றி எழுதியபோது, வெளிச்சம் அவன் உடம்புக்குள் புகுந்து போவதென்றால் கண்ணுக்குள்ளும் புகுந்து போகும், கண்ணில் வெளிச்சம் தங்காவிட்டால் அவனுக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தான். அவள் அதைத் திருப்பி எழுதினாள். யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு குருடன், கண்டி மார்க்கெட்டின் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறான். ஆட்கள் அவன்மேல் மோதிவிட்டு, மோதியது என்னவென்று தெரியாமல் போகிறார்கள். அவள் எழுதியவற்றில் அதுதான் நல்ல கதை என்று அவன் நினைத்தான். அவளும் நினைத்தாள்.

மனிதரை உறைய வைத்துப் பல காலம் கழித்து எழுப்பும் கதையையும் ஒரு முறை எழுதினாள். அப்போது அவர்களிடம் ஃபிரிஜ் இல்லை. கீழே ஹாஷிமின் மனைவி றமீலாவிடம் கேட்டு, ஒரு தக்காளியை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவந்தான். தட்டில் வைத்துவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தக்காளி இளகியது. தோல் சுருங்கித் தண்ணீர் வெளியே ஓடியது.

"தண்ணி ஐஸாகும்போது பெருக்கும். உள்ள இருக்கிற ஒவ்வொரு உயிரணுவும் கிழிஞ்சிரும். சூடாக்கினா திரும்பி வராது. மனுசனும் இப்படித்தான்."

அவள் உப்புப் போட்டுத் தின்றாள்.

"உங்க மனுசன் புளிக்கிறான்," என்றாள்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு கண்டிப் பெரஹெர ஊர்வலம் முடிந்த கையோடு அவளுடைய கண்கள் மஞ்சளாயின. உடம்பெல்லாம் அரித்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் வாட்டில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். வயது அதிகமில்லை. அவனை வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப்போனாள்.

"கணையத்தில கட்டி, சேர். ஈரலுக்கும் பரவியிட்டுது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டியாச்சு."

"எவ்வளவு காலம்?"

"நாலு மாதம் எண்டு சொல்லலாம். கூடக் குறைய இருக்கும். பித்தம் இறங்க ஒரு குழாய் வைப்பம். அரிப்புக் குறையும், மஞ்சளும் குறையும். கட்டி குறையாது."

அவன் தலையாட்டினான்.

"அவவுக்குச் சொல்ல வேணும். நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?"

"நானே சொல்றேன்."

"ஓம். ஆனா பிந்தாதேங்கோ சேர். அவ கேள்வி கேக்கிற ஆள். எனக்கே ரெண்டு தரம் பிழை பிடிச்சிட்டா."

அவன் வாட்டுக்குள் போனான். பாப்பம்மா கட்டிலில் உட்கார்ந்து முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

அவன் வராந்தாவில் யோசித்து வைத்த வாக்கியம் வேறு.

"கல்லு," என்றான். "பித்தப்பையில."

"கல்லா? அதுக்கா ஒங்க முகம் இப்படி இருக்கு?"

"பசி."

"கல்ல எடுப்பாங்களா?"

"குழாய் வைப்பாங்க. அப்புறம் மெதுவாக் கரைஞ்சிரும்."

அவள் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம், "கல்லுதானாம்" என்றாள். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே றமீலா ஒரு போத்தலில் பொல்பலா மூலிகைக் கஷாயம் கொண்டுவந்தாள்.

"எங்கட வாப்பாக்கு கல்லு கரஞ்சது இதாலதான் டீச்சர். கண்ண மூடிட்டுக் குடிங்க."

"வாப்பாவுக்குக் கல்லு எங்க இருந்துச்சு?"

"எங்க ஈந்தா என்ன டீச்சர், கல்லு கல்லுதானே."

பொல்பலா சிறுநீரகக் கல்லுக்கானது என்று ராஜலிங்கத்துக்குத் தெரியும். பித்தப்பைக் கல்லுக்கே அது உதவாது. இல்லாத கல்லுக்கு எது உதவும்? அவன் போத்தலை வாங்கிச் சன்னலோரத்தில் வைத்தான். றமீலா நாள் தவறாமல் போத்தலை அனுப்பினாள். பாப்பம்மா காலையில் வெறும் வயிற்றில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். குடித்ததும் குமட்டும். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நிற்பாள்.

மஞ்சள் குறைந்தது, ஆனால் கண்ணை விட்டு முழுக்கப் போகவில்லை. அரிப்பு நின்றது. அவள் மெலிந்துகொண்டே போனாள். சேலையைக் கட்டினால் கொசுவம் முன்னால் பெரிய பொதியாக நின்றது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். "கல்லு கரைஞ்சதும் போறேன்," என்று கேட்டவர்களிடம் சொன்னாள். பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்தினாள். எப்போது நிறுத்தினாள் என்று அவன் கவனிக்கவில்லை.

ஒரு நாள் தாள் கேட்டாள். தலையணையின் மேல் பலகையை வைத்து எழுதினாள். களைத்தால் படுப்பாள், எழுந்து எழுதுவாள். முடித்ததும் தாள்களை அவனிடம் கொடுத்தாள்.

"பாருங்க."

வழக்கம்போல இடப்பக்கம் அகலமாக விடப்பட்டிருந்தது.

கதையில் வீரம்மா என்றொரு பெண். தீராத நோய். அவளை ஹந்தானை மலைக்குள் குடைந்த ஓர் அறையில் ஐஸில் வைத்து மூடுகிறார்கள். இருநூறு வருடம் கழித்து நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் வந்து கதவைத் திறக்கிறார்கள். சூடு காட்டுகிறார்கள். வீரம்மா எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்கிறாள். வெளியே வருகிறாள். தேயிலை எல்லாம் காடாகிப் போயிருக்கிறது. மகாவலி மட்டும் பழைய இடத்தில் ஓடுகிறது. நடு இரவில் முழு நிலா எழுகிறது. அவளுக்குத் தெரிந்த ஆட்கள் யாரும் இல்லை. ஆனாலும் அவள் இறங்கி நடக்கிறாள்.

இரண்டாம் பக்கத்திலேயே அவன் கை பேனாவைத் தேடியது. பிறகு நின்றது. நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"அப்புறம் ஆறுதலாப் பாக்கிறேன்," என்றான்.

மறுநாள் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு போனான். பாடசாலை விட்டதும் கண்டி நூலகத்துக்குப் போய் ஆங்கிலச் சஞ்சிகைகளைப் புரட்டினான். நடக்காது என்பதற்குக் காரணம் தேடி அவன் அங்கே பல முறை போயிருக்கிறான். நடக்கும் என்பதற்குக் காரணம் தேடிப் போவது இதுதான் முதல் தடவை.

கிடைத்தது. குளிர் நாடுகளில் ஒரு தவளை இருக்கிறது. பனிக்காலத்தில் உறைந்து கல்லாகிவிடும். இதயம் நிற்கும். குளிர் விட்டதும் இளகித் தாவிப் போய்விடும். உறையும்போது அதன் ஈரல் உடம்பெல்லாம் சீனியை நிறைத்துவிடுகிறது; சீனி உயிரணுவைக் காக்கிறது. மனிதக் கருவையும் உறைய வைத்துப் பின்னால் கருப்பையில் வைத்துப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். கரு மணலின் பருமன்கூட இல்லை. அவன் மேலும் படித்தான். முழு மனித உடம்பு என்று வந்தால், வெளிப்புறம் உறையும்போது உட்புறம் இன்னும் சூடாக இருக்கும். சீனியோ வேறு மருந்தோ எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. இளக்கும்போதும் அதே கதை. பெருத்த உடம்புக்குத் தோல் போதாது. அட்டையைக் கொன்ற அதே கணக்கு.

சஞ்சிகையை மூடி வைத்தான்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறிய பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி முடிவெடுத்தான். இது கதை. இதை நம்பி யாரும் ஐஸில் படுக்கப் போவதில்லை. அவளுக்கு ஒரு கதவு வேண்டியிருக்கிறது. அதை அவன் ஏன் அடைக்க வேண்டும்? ஆனால் எதையும் திருத்தாமல் கொடுத்தால் சந்தேகப்படுவாள். சின்னதாக ஒன்றைத் திருத்த வேண்டும். நிலா இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஐஸ் அறைக்கு நேரே நடக்கலாம் என்று எழுதினான். நிலாவுக்கு நேரே எழுதினான்: நடக்காது. முழு நிலா சூரியன் மறையும்போதே எழும். நடு இரவில் உச்சியில் நிற்கும்.

தன் கெட்டித்தனத்தில் அவனுக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கதையைப் படிக்கவில்லை. ஓரத்தை மட்டும் பார்த்தாள். கீழே கடையில் ஹாஷிம் யாருக்கோ சீத்தைத் துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"நிலாவப் பாத்திருக்கீங்க."

"ஆமா. முழு நிலா நடு ராத்திரியில எழும்பாது."

"தெரியும்."

இன்னொரு தாளைத் திருப்பினாள்.

"ஐஸுக்கு நடக்கலாம்னு போட்டிருக்கீங்க."

"இப்ப புதுசா நெறைய ஆராய்ச்சி வந்திருக்கு பாப்பா. ஒரு தவளை இருக்கு," என்று தொடங்கினான். தவளையையும் சீனியையும் சொன்னான். உறைய வைத்த கருவைச் சொன்னான். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை சொல்லும் காரணத்தைக் கேட்பதுபோல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தவளை எவ்வளவு பெருசு?"

அவன் விரல்களால் காட்டினான்.

"நான் எவ்வளவு பெருசு?"

வீரம்மா எவ்வளவு பெரிது என்று அவள் கேட்கவில்லை. அவன் கை அப்படியே நின்றது.

"தக்காளிய நான் மறந்திருப்பேன்னு நெனச்சீங்களா?"

"பாப்பா..."

"ரத்தத்த மாத்தினாங்கன்னு எழுதல. மருந்து ஏத்தினாங்கன்னு எழுதல. சும்மா ஐஸுல போட்டு மூடினாங்க, சூடு காட்டினாங்க, எந்திரிச்சான்னு எழுதினேன். என் ரெண்டாம் வகுப்புப் புள்ளைங்ககூட இத விட நல்லா எழுதும். நீங்க கத்தணும். மூளைய எங்க கழட்டி வச்சன்னு கேக்கணும்." தாள்களை மடியில் தட்டி அடுக்கினாள். "கேட்டிருந்தீங்கன்னா, கல்லுதான்னு நம்பியிருப்பேன்."

அவன் கதிரையில் உட்கார்ந்தான்.

"நேரா ஏன் கேக்கல?" என்றான்.

"கேட்டா பொய் சொல்லுவீங்க. ஒரு தடவ சொல்லிட்டீங்க. அப்புறம் தெனமும் சொல்லணும். ஒங்களுக்கு அது வராது."

கீழே ஹாஷிம் யாரோடோ சிங்களத்தில் பேரம் பேசினான். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எங்க இருக்கு?"

"கணையத்துல."

"கல்லு இல்ல."

"கட்டி. ஈரலுக்கும் போயிருச்சு."

"எவ்வளவு நாள் சொன்னாங்க?"

"நாலு மாசம்."

"எப்ப சொன்னாங்க?"

"வாட்டுல வச்சு. போன மாசம்."

அவன் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகம் இறுகியது.

"ஒரு மாசத்த நீங்க எடுத்துக்கிட்டீங்க," என்றாள். "இருந்தது நாலு. அதுல ஒண்ணு. அத வச்சு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கல்லு கரையுதா கரையுதான்னு படுத்துக்கெடந்தேன். மொத ரெண்டு வாரம் எனக்கு நடக்கத் தெம்பு இருந்துச்சு. பள்ளிக்கூடம் போயிருப்பேன். ரெண்டாம் வகுப்புக்குக் கூட்டல் பாதியில நிக்குது. பத்துக்கு மேல போனா அதுங்களுக்குத் தெரியாது."

"நீ சந்தோசமா இருக்கட்டும்னு..."

"நான் எங்க சந்தோசமா இருந்தேன்? பொல்பலா குடிச்சிட்டு இருந்தேன்."

அவள் சன்னலோரத்தில் இருந்த போத்தலைப் பார்த்தாள்.

"அதையாவது வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா றமீலா ஏன்னு கேப்பா."

"கேட்டா கேக்கட்டுமே. தெனமும் கொடலு வெளிய வர்ற மாதிரிக் குமட்டுச்சு எனக்கு. நீங்க பாத்துக்கிட்டேதான நின்னீங்க."

அப்படித்தான் நின்றிருந்தான். அது உண்மை. காலைதோறும் சட்டைப் பொத்தானைப் போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றான். கட்டியைச் சொன்னபோது அழாதவன் இப்போது அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. போர்வையில் ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் அழுது முடித்ததும் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"திருத்துங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

அவன் நடக்கலாம் என்பதை அடித்தான். அதன் கீழே நடக்காது என்று எழுதினான். காரணத்தையும் எழுதினான். தண்ணீர், ஐஸ், உயிரணு, உடம்பின் பருமன். காரணம் நீண்டதால் எழுத்து இடத்தை மீறிக் கதைக்குள் போனது. அவள் வாங்கிப் படித்தாள்.

"இது அனுப்புற கதை இல்ல," என்றாள். "அலுமாரியில போட்டுருங்க. இனி நான் கேக்கிறதுக்கு இந்த மாதிரிச் சொல்லணும். வலிக்குமா?"

"வலிக்கும். முதுகுப் பக்கம் வரும்னு டொக்டர் சொன்னாங்க."

"மருந்து?"

"இருக்கு. வலிக்குக் கேக்கும். மருந்து கூடக் கூடத் தூக்கம் கூடும். பேச்சு கொழறும்."

"அப்ப பேச வேண்டியத முன்னாடியே பேசணும்."

"ஆமா."

"மஞ்சள் திரும்பிக் கூடுமா?"

"குழாய் அடைச்சா கூடும். மாத்தலாம். ஒரு தடவ மாத்தலாம்னாங்க."

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் தெரிந்ததைச் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். இருட்டத் தொடங்கியதும் எழுந்து லைட்டைப் போட்டான். சோறு தின்ன முடியுமா என்று கேட்டதற்கு, இரண்டு வாய் முடியும் என்றாள். இரண்டு வாய் தின்றாள்.

திங்கட்கிழமை த்ரீவீல் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். த்ரீவீல் ஏறாத கடைசி ஏற்றத்தில் அவன் அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டான். மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மா டீச்சர் ஓடிவந்து கதிரையைப் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். ராஜலிங்கம் சன்னலுக்கு வெளியே நின்றான்.

பாப்பம்மா உட்கார்ந்தபடியே கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுதினாள். எட்டும் ஏழும். எட்டோடு ரெண்டு சேத்தா பத்து, மிச்சம் எவ்வளவு இருக்கு என்று கேட்டாள். பிள்ளைகள் விரலை மடக்கினார்கள். கொஞ்சப் பேர் சரியாகச் சொன்னார்கள். அவள் ஒன்பதும் ஆறும் எழுதினாள். சுண்ணக்கட்டி கையிலிருந்து விழுந்தது. முன் வரிசைப் பிள்ளை ஒன்று எடுத்துக்கொடுத்துவிட்டு அவள் முகத்தை அருகில் பார்த்தது.

"டீச்சர், ஒங்க கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?"

"எனக்கு ஒடம்பு சொகமில்ல."

"நல்லாயிருமா டீச்சர்?"

"ஆகாது," என்றாள் பாப்பம்மா.

ராஜலிங்கம் சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டான். பின்னால் ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இந்தக் கணக்க எழுதிக்கவா?"

"எழுதிக்க," என்றாள்.